கல்லறை யாருக்கு?

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் நின்று வடதிசை நோக்கினால், ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உப்பங்கழி, இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டு. அந்த மணல்திட்டு சென்று முடியும் முகத்துவாரத்தின் அருகே இருக்கிறது பழவேற்காடு. காட்டுப்பள்ளியில் இன்று பளுதூக்கிப் பொறிகள் வானளாவ நிற்கின்றன. உலகத்து மூலைகளிலிருந்தெல்லாம் கப்பல்கள் வருகின்றன, போகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெருமை பழவேற்காட்டுக்கு இருந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை புதர் மண்டிய கோட்டை மேடு ஒன்று. கல்லறைத் தோட்டம் ஒன்று.

கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே, டச்சு நாட்டு எழுத்துக்கள் பொறித்த பெரும் பெரும் கற்பலகைகள். வணிகர் உறங்குகிறார், கம்பெனி அதிகாரி உறங்குகிறார், அவர்தம் மனைவி மக்கள் உறங்குகின்றனர். பிறந்த ஆண்டு உண்டு, இறந்த ஆண்டு உண்டு, குலச் சின்னம் உண்டு. அந்தக் கற்களைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. காக்கட்டும், வரலாற்றுச் சான்றை அழிப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி எழுகிறதே! இதே துறையிலிருந்து கயிறு கட்டிக் கப்பலேற்றப்பட்ட நம்மவர் பல்லாயிரவர் உண்டே, அவர்களுக்குக் கல்லறை எங்கே? அவர்களுடைய பெயரைப் பொறித்த கல் எங்கே?

இக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், பழவேற்காட்டோடு நின்றுவிட முடியாது. கடல் கடந்து, மற்றொரு பெருநிலத்துக்கும் போய்த்தான் ஆகவேண்டும். அந்த நிலம் அமெரிக்கா.

"கொலம்பஸ் 1492-இல் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கண்டுபிடித்தாராம்! அங்கே மக்கள் இருந்தார்கள். ஊர் இருந்தது, உழவு இருந்தது, அரசுகள் இருந்தன. வீட்டுக்காரன் உள்ளே இருக்கும்போது கதவை உடைத்து நுழைந்தவன், "இந்த வீட்டை நான் கண்டுபிடித்தேன்" என்று கூறினால் நகைக்கமாட்டோமா? அவர் தேடி வந்தது இந்தியாவை. வந்து சேர்ந்தது வேறு நிலம். தவறிப்போன வழியைத் திருத்திக்கொள்வதற்குப் பதிலாக, அங்கிருந்த மக்களுக்கு "இந்தியர்" என்று பெயர் சூட்டினர். வந்தவரின் பிழைக்கு இருந்தவர் பெயரை இழந்தனர்.

பெயரோடு போயிற்றா? நிலம் போயிற்று. உழைப்புப் போயிற்று. உயிர் போயிற்று. ஐரோப்பியர் கொண்டுவந்த பெரியம்மை ஊர் ஊராகக் கொன்று குவித்தது. எஞ்சியவர்களை ஸ்பானிய ஆண்டைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர். இத்தனை குடும்பங்கள் இவருக்கு, இத்தனை அவருக்கு என்று, மந்தையைப் பிரிப்பதுபோல!

இதற்கெல்லாம் ஓர் ஏட்டுச் சான்று வேண்டுமே! 1513-இல் ஸ்பானிய அரசு ஓர் அறிக்கை தயாரித்தது. "உலகைப் படைத்தவர் கடவுள், அவர் பொறுப்பைப் போப்பாண்டவரிடம் தந்தார், போப்பாண்டவர் இந்நிலத்தை எங்கள் அரசருக்கு ஈந்தார், பணிந்தால் வாழ்வு, மறுத்தால் போர், அடிமைத்தனம், வரும் தீங்குக்கெல்லாம் நீங்களே பொறுப்பு" என்பது அதன் கருத்து. அந்த அறிக்கையைப் படித்த மொழி, கேட்டவர்க்கு ஒரு சொல்லும் விளங்காத மொழி. ஆளற்ற கரையைப் பார்த்தும், மரங்களைப் பார்த்தும்கூடப் படித்தனராம்! படித்தாயிற்று, சட்டம் நிறைவேறிற்று, இனி வாளை உருவலாம்!

அந்தக் கூட்டத்திலும் மனிதர் இருந்தனர் என்பதை மறைக்கக்கூடாது. 1511-இல் மாண்டெசினோஸ் என்ற துறவி, ஆண்டைகள் நிறைந்த ஆலயத்தில் நின்று, "இவர்கள் மனிதரல்லரோ?" என்ற கேள்வியை எழுப்பினார். லாஸ் காசாஸ் என்பவர், தாமே ஓர் ஆண்டையாக இருந்தவர், மனம் மாறி, ஐம்பதாண்டுக் காலம் அம்மக்களுக்காக வாதாடினார். ஆயினும் அந்த நல்லவரும் தொடக்க நாட்களில் ஒரு பெரும் பிழை செய்தார். அமெரிக்கக் குடிகளின் சுமையைக் குறைக்க, ஆப்பிரிக்கரை அடிமையாகக் கொண்டுவரலாம் என்று யோசனை கூறினார். பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். வருந்தி என்ன? ஒருவன் முதுகிலிருந்து இறக்கிய சுமையை மற்றொருவன் முதுகில் ஏற்றுவது விடுதலை ஆகாது என்பதற்கு வரலாறு தந்த பாடம் அது. ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு அமெரிக்கக் கரை சேர்ந்தவர் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர் என்பது இன்றைய ஆய்வாளர் கணக்கு. இடையிலே கடலுக்கு இரையானவர் எத்தனை லட்சம் என்பதைக் கழித்துப் பாருங்கள்.

"இது அமெரிக்கக் கதை, பழவேற்காட்டுக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று கேட்கத் தோன்றும். உறவு உண்டு. நெருங்கிய உறவு.

1602-இல் டச்சுக்காரர், நம் முன்னோர் வழக்கில் ஒல்லாந்தர், கிழக்கிந்தியக் கம்பெனியை அமைத்தனர். 1621-இல் மேற்கிந்தியக் கம்பெனியை அமைத்தனர். முன்னது ஆசியாவுக்கு, பின்னது அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும். கம்பெனிகள் இரண்டு, கணக்கு ஒன்றே. பங்குதாரருக்கு ஆதாயம் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

மேற்கே சென்றவர் மன்ஹாட்டன் தீவை 60 கில்டர் மதிப்புள்ள பொருளுக்கு வாங்கியதாக 1626-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கூறுகிறது. நிலத்தை விற்பது, வாங்குவது, வேலி போடுவது என்ற வழக்கே இல்லாத மக்களிடம் "வாங்கினர்"! அங்கே நியூ ஆம்ஸ்டர்டாம் எழுந்தது. 1653-இல் அந்நகருக்கு ஒரு மதில் எழுப்பினர். அதை எழுப்பிய கைகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் கைகள் உண்டு. அந்த மதில் நின்ற தெருதான், இன்று உலகப் பணச்சந்தையின் தலைவாயிலாக விளங்கும் வால் ஸ்டிரீட்.

கிழக்கே வந்தவர், 1619-இல் சாவகத்தில் படேவியா நகரை அமைத்தனர். ஆங்கிலேயரின் விர்ஜீனியாக் குடியேற்றத்தில் ஆப்பிரிக்கர் முதன்முதலாக விற்கப்பட்ட ஆண்டும் அதுவே. 1621-இல் கூன் என்ற டச்சு ஆளுநர், சாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளின்மீது படையெடுத்தார். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் எஞ்சியவர் ஆயிரத்தளவினர். கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், நாடு கடத்தப்பட்டனர். சாதிக்காய் மரம் நின்றது, பறிக்க ஆளில்லை. ஆள் எங்கே கிடைக்கும்? அடிமைகளாகக் கொண்டுவா என்றது கம்பெனி. அமெரிக்கத் தோட்டத்துக்கு ஆப்பிரிக்கர் போனதுபோல, சாதிக்காய்த் தோட்டத்துக்கும் படேவியாவுக்கும் ஆசியக் கரைகளிலிருந்து அடிமைகள் போயினர். அக்கரைகளில் ஒன்று சோழமண்டலக் கரை.

இரு கதைகளும் ஒரே தாளில் கையெழுத்தான நாளும் ஒன்று உண்டு. 1667-இல் பிரெடா நகரில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை செய்தனர். பாண்டாக் கூட்டத்தைச் சேர்ந்த ரன் என்ற கையளவுத் தீவு டச்சுக்காரருக்கு, மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு! அது நியூயார்க் ஆயிற்று. இரு தீவுகளின் மக்களில் ஒருவரையேனும் கேட்டனரா? சீட்டாட்டத்தில் சீட்டைக் கேட்டு ஆடுவதுண்டா?

இனிப் பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். போர்ச்சுகீசியர் முன்பே வந்து காலூன்றிய துறை அது. 1610-இல் டச்சுக்காரர் விசயநகர மன்னர் வேங்கடபதியிடம் இசைவு பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். 1613-இல் கோட்டையே எழுந்தது. கெல்ட்ரியாக் கோட்டை என்று தம் நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரை அதற்கு இட்டனர். 1690-இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுதும் டச்சு வணிகத்துக்குத் தலைமையிடம் இந்தக் கோட்டைதான்.

கோட்டைக்குள் ஆளுநர், எழுத்தர், படைவீரர், நாணயம் அடிக்கும் அக்கசாலை, வெடிமருந்துச் சாலை. வெளியே நெசவாளர், சாயக்காரர், தரகர். இங்கே நெய்த துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருளை வாங்கினர். அதை ஐரோப்பாவில் விற்றுப் பொருள் குவித்தனர். துணியை வாங்க வெள்ளி வேண்டுமே! அமெரிக்காவில் பொத்தோசி என்ற மலையில் 1545-இல் ஸ்பானியர் வெள்ளியைக் கண்டனர். ஆண்டிஸ் மலைக் குடிகளை முறை வைத்துச் சுரங்கத்துக்குள் ஓட்டி, அதை வெட்டுவித்தனர். அமெரிக்க வெள்ளி ஸ்பானிய ரியால் நாணயமாகி, ஆம்ஸ்டர்டாம் சென்று, நம் கரைக்கும் வந்தது. அங்கே சுரங்கத்தில் ஒருவன் இருமிச் செத்தான். இங்கே தறியில் ஒருவன் கண்ணிழந்து நெய்தான். ஒருவனை ஒருவன் அறியான். இருவரையும் இணைத்த கயிறு கம்பெனியின் கணக்குப் புத்தகம்.

அக் கணக்குப் புத்தகத்தில், துணிப் பொதிக்கும் வெடிமருந்துக்கும் இடையே, மற்றொரு சரக்கும் எழுதப்பட்டது. மனிதர்!

1614-இல் வேங்கடபதி மறைந்தபின் அரசுரிமைச் சண்டை மூண்டது. நாயக்கர்கள் ஒருவரோடொருவர் மோதினர். வயல் கருகிற்று, பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னே தரகன் வந்தான். 1622, 1623 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 அடிமைகள் ஏற்றப்பட்டனர் என்று, டச்சு ஏடுகளை ஆய்ந்தவர் கணக்கிடுகின்றனர். 1659 முதல் 1661 வரை, பீசப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிய நாட்களில், தென்கரைத் துறைகளிலிருந்து சென்றவர் 8,000 முதல் 10,000 பேர்; பெரும்பாலோர் இலங்கைக்கு, எஞ்சியோர் படேவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1694 முதல் 1696 வரை இலங்கையில் இறக்கப்பட்டோர் மட்டும் 3,859 பேர். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. ஊர் இல்லை. தாயின் பெயர் இல்லை.

கோட்டையில் அப்போது கடவுள் வணக்கமும் ஒழுங்காக நடந்தது. 1632 முதல் பத்தாண்டுக் காலம் ஆபிரகாம் ரொசேரியஸ் என்ற பாதிரியார் அங்கே இருந்தார். நம் நாட்டுச் சமயம் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1651-இல் வெளிவந்தது. ஐரோப்பிய அறிஞர் அதைப் படித்து வியந்தனர். அந்நூலுக்கு அவர் செய்தி கேட்டது யாரிடம்? பத்மநாபன் என்ற பார்ப்பனப் பண்டிதரிடம். நால்வகை வருணமும் வேதமும் சடங்கும் ஐரோப்பாவுக்கு அந்த வாயிலாகப் போயின. ஏட்டில் இடம் பெற்றவர் பண்டிதர். கப்பலில் இடம் பெற்றவர் ஏழை.

இதுவரை கூறியதைக் கேட்டு, "வெள்ளையனின் கொடுமை" என்று பல்லைக் கடித்துவிட்டு எழுந்துபோனால், பாதி உண்மையோடு போகிறோம் என்று பொருள். மறு பாதி கசக்கும். கசந்தாலும் விழுங்கவேண்டும்.

டச்சுக்காரன் நம் ஊருக்குள் வந்து வலை வீசியா ஆள் பிடித்தான்? பெரும்பாலும் இல்லை. அவன் துறையில் தராசோடு காத்திருந்தான். கொண்டுவந்து கொடுத்தவர் நம்மவர். பஞ்சத்தில் பெற்ற பிள்ளையை ஒரு வேளைச் சோற்றுக்கு விற்ற தாய் தந்தையரைக் குற்றம் சொல்லேன். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டைக் குற்றம் சொல்கிறேன். அந்த ஏற்பாடு டச்சுக்காரன் கப்பலிலிருந்து இறங்கியதல்ல. அவன் வருமுன்பே இங்கே வேர் ஊன்றி நின்றது.

சான்று வேண்டுமா? தஞ்சைப் பகுதித் திருப்பாம்புரத்துக் கோயிற் கல்வெட்டு இருக்கிறது. 1201-ஆம் ஆண்டு, சோழர் காலம். பஞ்சம் தாங்காத வேளாளன் ஒருவன், தன்னையும் தன் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டான் என்கிறது கல். அப்போது வாஸ்கோடகாமா பிறக்கவில்லை! நிலம் வைத்திருந்தவனுக்கே அந்தக் கதி என்றால், நிலமே வைத்திருக்க விடப்படாமல், பண்ணையோடு சேர்த்தும் பண்ணையிலிருந்து பிரித்தும் விற்கப்பட்ட சேரி மக்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? அடிமை ஓலை எழுதிய எழுத்தாணி தமிழ்நாட்டு எழுத்தாணிதானே!

ஸ்பானியன் படித்த அறிக்கையை எண்ணி நகைத்தோம். "கடவுள் தந்தார், போப்பாண்டவர் ஈந்தார், பணிந்து நட" என்றது அது. நம் நாட்டில் என்ன சொன்னார்கள்? "முற்பிறவியில் செய்த வினை, இப்பிறவியில் இந்தக் குலம், பணிந்து நட" என்றார்கள். கேட்டவருக்கு விளங்காத மொழியில்தான் இங்கும் ஓதினர். ஸ்பானியனுக்கு வாள் தேவைப்பட்டது. விதியை நம்பவைத்தவருக்கு வாளும் தேவைப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

டச்சுக்காரனுடைய குற்றம் இதனால் குறைந்துவிடாது. இங்கிருந்த இழிவை அவன் வாணிபமாக்கினான்; ஊருக்குள் நடந்த கொடுமைக்குக் கப்பலும் சந்தையும் தந்தான்; கண்காணா நாட்டுக்குக் கொண்டுபோய், திரும்பும் வழியையும் அடைத்தான். உள்ளூர் மடமையும் வெளியூர்ப் பேராசையும் கைகுலுக்கிய இடம் பழவேற்காட்டுத் துறை.

அமெரிக்காவோடு நம் தொடர்பு வெள்ளியோடு முடிந்ததா? இல்லை. 1635-ஆம் ஆண்டு விர்ஜீனியாவில் மெனிஃபி என்ற பெருநிலக்காரர், தாம் கொண்டுவந்த ஆட்களின் பட்டியலைக் காட்டி நிலம் கேட்டார். ஒரு தலைக்கு 50 ஏக்கர் என்பது அங்கே விதி. பட்டியலில் ஒரு பெயர், "டோனி, கிழக்கிந்தியன்". பெற்றோர் இட்ட பெயர் என்ன, பிறந்த ஊர் எது என்று பட்டியல் கூறவில்லை. தன் மண்ணை விட்டுப் போன மனிதன், வேறொருவன் 50 ஏக்கர் மண் பெறுவதற்குக் கணக்கானான்!

சென்னைப் பகுதி நெசவாளர் நெய்த கட்டம் போட்ட துணி, மேற்கு ஆப்பிரிக்காவில் விலைபோயிற்று. இந்தியத் துணி கொடுத்து அங்கே அடிமைகளை வாங்கினர். அதே துணி கடல் கடந்து மார்த்தினிக்குத் தீவில், அடிமைப் பெண்களின் தலைக்கட்டு ஆயிற்று. இன்றும் அதற்கு அங்கே பெயர் "மதராஸ்". 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து பொருள் குவித்த எலிகு யேல், 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு நூல்களோடு ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். அவர் பெயரைத் தாங்கி இன்று பல்கலைக்கழகம் விளங்குகிறது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. மன்னிப்புக் கோரும் நேர்மையைப் பாராட்டுவோம். நெய்தவன் பெயர் எந்தக் கட்டடத்திலும் இல்லை என்பதையும் மறவோம்.

விடுதலையாவது நேராக வந்ததா? பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833-இல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. ஆண்டைகளுக்கு 2 கோடிப் பவுன் இழப்பீடு! அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அச்சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்குப் பொருந்தாது என்று விலக்கும் அளித்தனர். நமக்கு 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. அடிமை வாணிபம் குற்றமென்று தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-இல். அதற்குள் புதுப்பெயர் ஒன்று பிறந்துவிட்டது. பிரெஞ்சுத் தீவுகளில் 1848-இல் அடிமைகள் விடுதலை பெற்றதும், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடிப் பாண்டிச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தனர். 1853-இல் அவுரேலி என்ற கப்பல் முதற் கூட்டத்தை மார்த்தினிக்கில் இறக்கியது. அத்தீவுக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர் சென்றனர். தமிழர் அவர்களில் மிகப் பலர். இம்முறை அடிமை என்று கூறவில்லை. "ஒப்பந்தக் கூலி" என்றனர். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவருக்கு அதில் எழுதியிருந்தது தெரியாது. மரங்களிடம் படித்த ஸ்பானிய அறிக்கை மீண்டும் வந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ?

பழைய கதை இது என்று ஏட்டை மூடிவிடவேண்டா. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. வந்த பின்னரும், பழவேற்காடும் காட்டுப்பள்ளியும் அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் அடைபட்டுக் கிடந்த இருளர் குடும்பங்களும், ஒரிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் மீட்கப்பட்டதுண்டு. கட்டிப்போட்ட கயிறு எது? முன்பணம்! சில ஆயிரம் ரூபாய் கடன், கூட்டிக் காட்டத் தெரியாத கணக்கு, வெளியேறக் கூடாதென்ற காவல். டச்சுக்காரனும் இல்லை, கப்பலும் இல்லை. கணக்குப் புத்தகம் மட்டும் இருக்கிறது.

ஆகவே, இளந்தோழர்களே, பழவேற்காட்டுக்குப் போய் வாருங்கள். கல்லறைகளைப் பாருங்கள்; செதுக்கிய திறனைப் பாராட்டுங்கள். பார்த்துவிட்டு அப்படியே துறைக்கு நடந்து சென்று, கடலைப் பாருங்கள். கல் நடப்படாதவரின் பயணம் தொடங்கிய இடம் அது. திரும்பும் வழியில், சூளையின் புகை தெரிந்தால் நின்று, அங்கே வேலை செய்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உன் பெயர் என்ன? உன் ஊர் எது? நீ விரும்பினால் நாளைக் காலை இங்கிருந்து போக முடியுமா?

முதல் இரண்டு கேள்விகளைப் பழவேற்காட்டுத் துறையில் எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது கேள்வியை எவரும் கேட்கவே இல்லை. அதற்கு "முடியாது" என்று விடை வந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் தொலைவில் இல்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இறந்தவர்க்குக் கல் நடுவது பிறகு ஆகட்டும். இருப்பவரின் கட்டை அவிழ்ப்பது முதலில் ஆகட்டும்.